ஆண்டவரிடம்தான் சொன்னேன்

அடையாறு பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தேன். பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. எங்கள் பள்ளிச் சமையல்காரர் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி அது. சைலன்சர் ஓட்டை.

மதிய வெயில். ஆற்றில் தண்ணீர் குறைந்து சேறு தெரிந்தது. என் தோளில் ஒரு பை. துணி, வேதாகமம், ஒரு பட்டை மாத்திரை. மூன்று வருடத்துக்கு முன் இதே பையோடுதான் இந்தப் பாலத்தை எதிர்ப்பக்கமாக நடந்து கடந்தேன். பை கனமாகவில்லை.

"இன்னா பிரதர், காது கேக்கலயா?"

அதை இரவல் வாங்கி வந்தவன் என் வகுப்புக்காரன். நடைபாதையை ஒட்டியே உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்தியது. அவன் ஒதுங்கவில்லை.

"ஏறு. பிரின்சிபால் ஐயா கூப்ட்டுக்கினு கீறாரு."

"அவர்தான் போகச் சொன்னார்."

"போவச் சொல்லல. யோசிக்கச் சொன்னாரு. நாளைக்குக் காலைல தரமணி சபைக்காரங்க வரதுக்குள்ள வந்து நில்லு. சொகமாயிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. முடிஞ்சிது."

"ஆகலையே."

"சொல்லு, ஆயிடும்."

நான் நடந்தேன். அவனும் கூடவே உருண்டு வந்தான்.

இவனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். அடையாறில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து நடத்திய சின்ன இறையியல் பள்ளி. போதகர் ஆக விரும்புகிறவர்களைத் தயார் செய்கிற இடம். பெரிய கல்லூரிகள் பட்டம் கேட்கும். இங்கே, அழைப்பு இருந்தால் போதும் என்றார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனர், பெயின்ட் வேலை, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது, தரமணியில் ஒரு கம்பெனி கேன்டீன் என்று போன இடத்தில் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் படுத்தவன். அவன் சாந்தோம் குப்பத்துக்காரன். என்னைவிட வயதில் சின்னவன். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை என்பதால் குரல் பெரியது. காற்றை மீறிக் கத்திப் பழகிய குரல்.

இது எங்களுக்குக் கடைசி வருடம். முடிந்ததும் தரமணியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சபைக்கு என்னை உதவிப் போதகராக அனுப்புவதாக ஏற்பாடு. சபைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. சின்ன அறைதான், ஆனால் உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். அதுவரை நான் படுத்த எந்த இடத்திலும் தாழ்ப்பாள் என் பக்கம் இருந்ததில்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, ஆணியில் ஒரு சட்டையைக்கூட மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது அந்த அறைதான்.

எல்லாம் ஒரு வகுப்பில் ஆரம்பித்தது. பாடத்திட்டத்தில் அதன் பெயர் 'ஆளுமை உருவாக்கமும் நலவாழ்வும்'. நாங்கள் மூச்சு வகுப்பு என்றோம். எங்கள் பள்ளியில் படித்துப்போன போதகர் ஒருவர் ஞாயிறு ஆராதனை நடுவில் மேடையைவிட்டு இறங்கிப் போனவர், பல நாள் கழித்து விழுப்புரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகுதான் முதல்வர் இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தார். பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டோம், தூங்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்று அவரே எங்களிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பாடம் எடுக்க வந்தவர் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்து ஸ்கூட்டரில் வருகிற ஒரு மனநல ஆலோசகர். கிறிஸ்தவர் இல்லை. முதல் நாள் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். இது யோகாவா, செய்யலாமா என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. பாதிப்பேர் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். மீதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

"வாரத்துல ஒரு நாள் உங்களுக்குன்னு வச்சுக்கணும். அன்னிக்கு யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது" என்றார்.

"நாள் பாத்தா சாவாங்க மேடம்? திங்கக்கெழம லீவுன்னு சாவு வூட்ல போய் சொல்ல முடியுமா?" என்றான் சாந்தோம்காரன்.

"செவ்வாக்கிழமை போங்கோ. செத்தவா எங்கயும் எழுந்து போயிட மாட்டா."

வகுப்பே சிரித்தது. அன்றைக்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். தினமும் மாலையில் ஜோடியாகத் தெருவில் நடக்க வேண்டும். போகும்போது ஒருவர் பேச வேண்டும், திரும்பும்போது மற்றவர். கேட்கிறவர் புத்தி சொல்லக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது, வசனம் சொல்லக்கூடாது. கடைசி விதிதான் எங்களுக்குக் கஷ்டம். இன்னொன்றும் சொன்னார். "கேட்டதை யார்கிட்டயும் சொல்லப்படாது. வார்டன்கிட்ட, கல்யாணம் ஆனவா ஆம்படையாள்கிட்ட, ஏன், என்கிட்டகூட."

எல்லோரும் "ஆமென்" என்றோம். அவர் ஒரு நொடி திடுக்கிட்டுவிட்டுத் தலையாட்டினார். நாங்கள் எதற்கும் ஆமென் சொல்வோம் என்பது அவருக்குப் புதிது.

எனக்கு ஜோடி சாந்தோம்காரன்.

அவன் தன் அண்ணனைப் பற்றிப் பேசினான். கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணன். அதை நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. என் முறை வந்தபோது, ஒவ்வொரு வேலையையும் ஏன் விட்டேன் என்று கேட்டான். சொல்லிக்கொண்டே போனேன். பந்தி நடுவில் ரச வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடியது. கிருஷ்ணகிரி தாண்டி ஓடுகிற லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கியது. கேன்டீனில் ஃப்ரீசர் அறைக்குள் போக மாட்டேன் என்று நின்றது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். போன பிறகு அந்த ஆட்கள் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் வேறு ஊர். கால் நிற்காதவன் என்று எனக்குப் பேர் வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆலோசகர் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தேன். அதையும் சொன்னேன்.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். வசனம் வாய்வரை வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு உபவாச ஜெபம். காலையிலிருந்து யாரும் சாப்பிட மாட்டோம். மாணவர்கள் முறை வைத்துச் சத்தமாக ஜெபிப்போம். தரமணிச் சபையிலிருந்தும் சிலர் வருவார்கள். அவன் முறை வந்தது. ஜெபம் என்றால் மட்டும் அவனுடைய தமிழ் மாறிவிடும்.

"தகப்பனே, உமக்கு மறைவானது ஒன்றுமில்லை. எங்கள் நடுவில் ஒரு சகோதரன் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன் ஆண்டவரே, உமக்குத் தெரியும். பந்தியில் ரச வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தவர். லாரியை நடுரோட்டில் நிறுத்தி இறங்கியவர். மாத்திரை போட்டுத் தூங்குகிறவர். அவரைப் பிடித்திருக்கிற பயத்தின் ஆவியை..."

அழுதுகொண்டே ஜெபித்தான். நிஜமான அழுகை. கூட்டம் ஒவ்வொரு வரிக்கும் ஆமென் சொன்னது. லாரியில் கிளீனராக இருந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். ஒவ்வொரு தலையாக மெல்ல என் பக்கம் திரும்பியது.

ஜெபம் முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்களா இல்லையா?"

"நான் யாருகிட்ட சொன்னேன்? ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்."

"அவருக்குத்தான் தெரியுமே. அப்புறம் எதுக்குச் சத்தமா?"

"மெதுவா ஜெபிக்க எனக்கு வராது பிரதர்."

அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒருவருடைய கஷ்டத்தை டீக்கடையில் சொன்னால் புறணி. ஜெபத்தில் சொன்னால் அன்பு. இதில் மீறல் ஏதும் இருப்பதாக அவன் மட்டுமல்ல, யாருமே நினைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க என்னைச் சுற்றி ஏதோ நடந்துகொண்டே இருந்தது. தலையணைக்கு அடியில் யாரோ ஜெப எண்ணெய்ப் பாட்டில் வைத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பின்னாலிருந்து ஒரு கை வந்து தலைமேல் அமர்ந்தது. தரமணிச் சபையில் ஓர் அம்மா, ஞாயிறு பள்ளியை இனி நான்தான் எடுப்பேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சின்னப் பசங்களாச்சே தம்பி, தொத்திக்காதில்ல?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை.

ஆலோசகர் விஷயம் தெரிந்து முதல்வர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"இது ரகசியம் காக்க வேண்டிய விஷயம் சார்."

"எங்களுக்குள்ள ஜெபத்துல ரகசியம் கிடையாதும்மா."

"அப்படின்னா அதை முதல் நாளே எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "யார்கிட்டயும்னு சொன்னேன். உங்க சாமி அந்தக் கணக்குல வருவார்னு நான் யோசிக்கலை" என்றார்.

முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னை நம்புவதாகச் சொன்னார். சபைக்காரர்கள்தான் தயங்குகிறார்கள். பயப்படுகிற மேய்ப்பனை எப்படி ஏற்பது என்று கேட்கிறார்கள். அதனால் சனிக்கிழமை ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும். சகோதரர்களின் ஜெபத்தால் விடுதலை பெற்றேன் என்று.

"மாத்திரையை நிறுத்திடணுமா ஐயா?"

"நிறுத்த வேண்டாம்ப்பா. வெளியில சொல்லாதே, போதும்."

சனிக்கிழமை என்றால் நான் பாலத்தில் நடந்துகொண்டிருந்த அதே நாள் காலை.

மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பங்களாவின் கூடத்தில் ஒரு படி உயரம். அதில் ஏறி நின்று மைக்கைப் பிடித்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். ஓர் அறைக்காக ஒரு வாக்கியம். அதைவிடக் குறைந்ததற்கெல்லாம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அப்போது விரல் நுனி மரத்தது. டியூப்லைட் வெளிச்சம் அதிகமானது மாதிரி இருந்தது. முன்வரிசையில் இருமியவரின் சத்தம் தூரத்தில் கேட்டது. வந்துவிட்டது.

மைக்கைத் தரையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்காலைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக வெளியே விட ஆரம்பித்தேன். விட்டிருந்தால் போயிருக்கும். கூட்டம் எழுந்து வந்துவிட்டது. தலையில், தோளில், முதுகில் கைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபித்தார்கள். காற்று இல்லை.

"தள்ளுங்க" என்றேன். "கொஞ்சம் தள்ளுங்க."

"ஆவி தள்ளச் சொல்லுது! விடாதீங்க!" என்று ஒரு குரல்.

சொன்னது நான்தான். அதை அவர்களிடம் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. பிடி இன்னும் இறுகியது. மண்டை ஓடு அமுங்குகிற மாதிரி ஒரு கை. நான் செத்துவிட்டால் இவர்கள் அதையும் விடுதலை என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்போது என் முகத்தைப் பார்த்தவன் சாந்தோம்காரன். "ஏய், வுடுங்கய்யா, மூஞ்சி நீலமா கீது" என்று கத்திக்கொண்டு ஆட்களை முழங்கையால் இடித்து விலக்கினான். ஓடிப்போய்ப் பெரிய ஜன்னலைத் திறந்தான். பெயின்ட் ஒட்டிக் கிடந்த ஜன்னல், உதைத்துத்தான் திறந்தான்.

மூச்சு திரும்பியதும் எழுந்து நின்றேன். மைக் இல்லாமலே சொன்னேன்.

"எனக்குச் சுகமாகலை. இது வரும், போகும். இதை வச்சுக்கிட்டே நான் வேலை செய்வேன். அவ்வளவுதான் சாட்சி."

யாரும் ஆமென் சொல்லவில்லை. முதல்வர் ஆசீர்வாதம் கூறி ஆராதனையை முடித்தார். அறைக்குள் அழைத்து, நாளைக் காலை சபைக்காரர்கள் வருகிறார்கள், அவர்களிடமாவது சரியாகச் சொல், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வா என்றார். எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லிமுடித்த பிறகுதான் அதை யோசித்தார் போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாலம் முடிந்து பட்டினப்பாக்கம் தாண்டி சாந்தோம் வரை அவன் வண்டியை உருட்டிக்கொண்டே வந்தான். நடுவில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. அதற்கும் என்னைத்தான் திட்டினான்.

"எங்க வூட்ல படு. காலைல நானே இட்டுக்கினு போறேன்."

"உங்க அம்மா ஜெபிப்பாங்க."

"சின்னதாத்தான் ஜெபிக்கும்."

சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கேட்டான். "அப்ப என் ஜெபம் கேக்கப்படலியா?"

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"நீ ஜன்னலைத் திறந்தியே பாரு. அது உதவிச்சு."

"அத யார் வேணாலும் தொறப்பாங்க" என்றான். குரல் சின்னதாகிவிட்டது. அந்தக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை. குப்பத்துக்குப் போகும் சந்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

நான் மயிலாப்பூர்ப் பக்கம் நடந்தேன். லஸ்ஸிலிருந்து ஆலோசகருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். நாளைக்குப் போகவா வேண்டாமா என்று கேட்டேன்.

"போங்கோன்னும் சொல்ல மாட்டேன். போகாதேங்கோன்னும் சொல்ல மாட்டேன்."

"யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லுங்களேன் மேடம்" என்று கத்திவிட்டேன். பூக்கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பிட்டேளா?"

"இல்ல."

"முதல்ல சாப்பிடுங்கோ. மாத்திரையை விட்டுடாதேங்கோ. அதை மட்டும் சொல்லுவேன்."

சாப்பிட்டேன். மயிலாப்பூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் பெரிய கட்டடம், படுக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். 'ஜெபத்தால் சுகமானேன்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. தடங்கல் இல்லை. அதைச் சொன்னால் அறை உண்டு. சொன்ன பிறகு அந்த அறையில் ஒரு நாள் இது வரும். தாழ் போட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். மறுநாள் மேடையில் நின்று மற்றவர்களுக்கு விடுதலை உண்டு என்று சொல்ல வேண்டும். விழுப்புரம் ஸ்டேஷன்வரை போனவர் இப்படித்தான் போயிருப்பார்.

அடையாறு பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தேன்.

"ஏறப்போறியா, எறங்கப்போறியா?" என்றார் கண்டக்டர்.

காலை எடுத்துக்கொண்டேன். விசில் அடித்துவிட்டார்.

ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று நடந்து தி.நகர் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடை ஷட்டரில் ஆட்கள் தேவை என்று ஒட்டியிருந்தது. பண்டிகை சமயம், ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. கடைக்கு அடியில் குடோன். படிக்கட்டு வாசலில் சூப்பர்வைசர் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

"முன்ன இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"போதகர் படிப்பு."

"அப்பிடின்னா, சர்ச் ஃபாதரா?"

"ஆகலை."

"நல்லதாப் போச்சு. ஃபாதர வேல வாங்குனா பாவம்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஒடம்புல ஏதாச்சும் கீதா? அப்பால சொல்லக்கூடாது."

சொன்னேன். திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை மரக்கும், உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும், மாத்திரை சாப்பிடுகிறேன். முழுதாகச் சொன்னேன். கீழே குடோனில் ஜன்னல் இல்லை என்பதை அங்கிருந்தே பார்த்துவிட்டேன். அதையும் சொன்னேன்.

"அது வந்தா யாரயாச்சும் அடிப்பியா?"

"இல்ல."

"கைல இருக்கறத கீழ போடுவியா?"

"போட்டுடுவேன்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கண்ணாடி மூடி, மிக்சி பக்கம் போவாத. அண்டா, குண்டான் எடு. உழுந்தா சத்தந்தான் வரும். வந்துச்சின்னா மேல ஏறி வந்து இங்க ஒக்காரு. ஆனா எங்கிட்ட சொல்லிட்டு ஒக்காரு. சொல்லாத ஒக்காந்தா தூங்கறன்னு நெனச்சி ஓனர் கத்துவாரு."

பையை எங்கே வைப்பது என்று கேட்டேன். நாற்காலிக்கு அடியில் காட்டினார். வைத்துவிட்டுப் படியிறங்கினேன். அடையாறில் சபைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கும் நேரம். குடோனில் வைக்கோல் வாசனை. முதல் அண்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்த காகிதத்தை உருவி எடுத்துவிட்டு, இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினேன்.